கூப்பாட்டைக் கொடுத்தவள்

கரிசலூரணியில் ஆட்டை யாரும் ஓட்டிக்கொண்டு வருவதில்லை. கூப்பிடுவார்கள், அது வரும். எட்டு வீட்டு வெள்ளாடுகள் பகலெல்லாம் சீமைக்கருவேல வேலிக்காட்டுக்குள் கலந்து மேயும். முறை வைத்து ஒரு வீட்டார் காவல் இருப்பார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் எட்டு வீட்டாரும் ஊரணிக் கரையில் வந்து நின்று ஆளுக்கொரு தினுசாகச் சத்தம் கொடுக்க, ஓர் ஆடுகூட வீடு மாறாமல் எட்டாகப் பிரிந்து வந்து தண்ணீர் குடிக்கும். வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. அடுத்தவர் கூப்பாட்டை விளையாட்டுக்குக்கூட வாயில் எடுக்கக் கூடாது. எடுத்துப் பார்த்த பிள்ளைகள் எல்லாம் முதுகில் ஒன்று வாங்கியிருக்கின்றன.

எட்டாவது வீட்டு இசக்கிசெல்வியின் கூப்பாடு அடிவயிற்றில் கிளம்பி, மேலே ஏறி, உச்சிக்குப் போனதும் இரண்டாக உடையும். அந்த உடைப்பை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினோரு வயதில் அவளாகக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிறந்த குட்டிகள் எல்லாம் தாயின் மடியை அறிகிற கையோடு அந்தச் சத்தத்தையும் அறிந்துதான் வளர்ந்தன.

அந்தச் சத்தம் இப்போது அவளிடம் இல்லை. அவளே தூக்கிக் கொடுத்தாளா, தானாகப் போனதா, பிடுங்கிக்கொண்டார்களா என்று ஊருக்குள் மூன்று கட்சி இருக்கிறது. பிடுங்கினார்கள் என்பதுதான் நிஜம். மற்ற இரண்டு கட்சிக்காரர்களும் யோகராஜ் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தவர்கள்.

யோகராஜ், கோவில்பட்டியில் அவள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் மகன். இங்கிலாந்தில் பர்மிங்காம் போய் இரண்டு வருஷம் வியாபாரப் படிப்புப் படித்தான். அப்பா அனுப்பியது தீப்பெட்டியைக் கடல் கடந்து விற்கிற வித்தையைக் கற்றுவர. அவன் கற்றுவந்தது வேறு. ஒரு கீபோர்டும், தலை நிறைய பாட்டும், 'சோல்' என்ற ஒரு சொல்லும்தான் அவனோடு வந்து இறங்கின. ஆபீஸ் மாடியில் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு காதில் எதையாவது மாட்டித் தலையாட்டிக்கொண்டிருப்பான்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு மணி ரிப்பேர். பெட்டி அடைக்கிற பெண்கள் நாற்பது பேரும் மணி அடிக்கவில்லை என்று குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசக்கிசெல்விக்குப் பசி. சும்மா இருக்க மாட்டாமல், வாசலில் நின்று ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு கூப்பாடு போட்டாள். நாற்பது பேரும் சிரித்துக்கொண்டே தூக்குச்சட்டியோடு எழுந்து வந்தார்கள். மாடிப்படியில் தடதடவென்று யோகராஜும் இறங்கி வந்தான்.

"யாரு அது? இப்பக் கூப்பிட்டது யாரு?"

"தெரியாமக் கூப்பிட்டுட்டேன் மொதலாளி."

"இன்னொருக்கக் கூப்பிடு."

"ஆடு இல்லாம எப்படிக் கூப்பிட?" என்றாள். அந்த நாற்பது பேரும் மறுபடி சிரித்தார்கள்.

'உச்சிவெயில்' குழு பிறந்தது அப்படித்தான். கீபோர்டு யோகராஜ். டிரம்ஸ் சுடலைக்குமார். டிரம்பெட் லிங்கராஜ்; கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதுகிற பேண்டு செட்டில் பதினைந்து வருஷம் கன்னம் உப்ப ஊதியவன். குரல் இசக்கிசெல்வி. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆபீஸுக்குப் பின்னால் இருந்த காலி குடோனில் ஒத்திகை. தகரக் கூரை, வெயிலில் அது சடசடவென்று முறிகிற சத்தம் எல்லாப் பாட்டுக்கும் இலவசத் தாளம்.

முதல் நாள் யோகராஜ் தன் போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். ஒருத்தர் நெஞ்சிலிருந்து கூப்பிடுகிறார், பின்னால் நாலு பேர் பதில் கொடுக்கிறார்கள், நடுநடுவே டிரம்பெட் பேசுகிறது.

"இதுதான் சோல். ஒருத்தர் கூப்பிடணும், மத்தவங்க பதில் சொல்லணும். அமெரிக்காவுல கறுப்பு சனங்க பாட்டு இது. இங்கிலாந்துக்காரப் பயலுவ எடுத்து அவிய ஊரு மாதிரி பாடிக்கிட்டாவ. நாம நம்ம ஊரு மாதிரி பாடுவோம்."

"கேட்டுட்டு எடுத்தாவளா மொதலாளி?" என்றாள் இசக்கிசெல்வி.

யோகராஜ் சிரித்தான். "பாட்டை யாரு கேட்டுட்டு எடுப்பா? இனிமே மொதலாளின்னு கூப்பிடாத. அண்ணாச்சின்னு கூப்பிடு. குழுவுல எல்லாரும் சமம்."

அவள் மனசு குளிர்ந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்கே ஆறு வருஷம் தொண்டையைக் கொடுக்கலாம் என்று தோன்றியது, கொடுத்தாள்.

எட்டயபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்புதான் முதல் மேடை. படு தோல்வி. மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து நின்று, "ஏலே, இது என்னலே கப்பல் ஊதுத மாதிரி? தெரிஞ்ச பாட்டாப் படிங்க" என்று சத்தம் போட்டார். ஆனால் அடுத்த பங்குனிப் பொங்கலுக்குக் குளத்தூர்ப் பக்கம் ஒரு கோயிலில், இசக்கிசெல்வி கூப்பிட, கூட்டத்திலிருந்து உப்பளத்துப் பெண்கள் தாங்களாகவே பதில் கொடுக்க ஆரம்பித்தார்கள். அன்றைக்குத்தான் யோகராஜ் சொன்னது என்னவென்று அவளுக்குப் பிடிபட்டது. அந்த வருஷம் முழுக்க ஊர் ஊராகத் தட்டு வந்தது.

தட்டு என்றால், கோயில் கமிட்டியார் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் வைத்து நீட்டுகிற தாம்பூலத் தட்டு. இந்தப் பக்கம் கலைஞர்களுக்கு அதுதான் பத்திரம், பட்டா எல்லாம். வாங்கியவர் காய்ச்சலில் கிடந்தாலும் வந்து பாடியாக வேண்டும். கொடுத்தவர், வானமே இடிந்தாலும் வாங்கியவரைப் பாடவிட வேண்டும். அதில் பேச்சு மாறியவரைக் கோயில் வாசலில் மதிக்க மாட்டார்கள். உச்சிவெயிலுக்கு வந்த தட்டுகளை எல்லாம் யோகராஜும் இசக்கிசெல்வியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் வாங்கினார்கள்.

வேனில் அவளுக்கு டீசல் வாடை ஆகாது, குமட்டும். லிங்கராஜ் தன் ஜன்னல் சீட்டை அவளுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, டிரம்பெட் பெட்டிக்குள்ளிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டுவான். "மோந்துக்கோட்டி." ஒவ்வொரு பயணத்துக்கும் ஞாபகமாக ஒன்று வாங்கி வைத்திருப்பான். கூடப் பிறந்த அண்ணன் இல்லாத அவளுக்கு அந்தக் குறை வேனில் ஏறியதும் போய்விடும்.

'வீடு வந்து சேரு' பாட்டை இரண்டாயிரத்துப் பதினெட்டில் செய்தார்கள். வேலைக்குப் போய்த் திரும்பாதவனை ஒருத்தி கூப்பிடுகிற பாட்டு. வரிகளை அவளும் லிங்கராஜும் வேனிலேயே கட்டினார்கள். ஆனால் நடுவில் வார்த்தை இல்லாத ஓர் இடம் வேண்டும் என்று யோகராஜ் ஒற்றைக் காலில் நின்றான்.

"உன் கூப்பாட்டை அங்கன வையி செல்வி. அந்த உடையுத இடம் இருக்கு பாரு, அதான் பாட்டே."

அவள் வீட்டில் வந்து கேட்டாள். அம்மா வெள்ளைத்தாய் குட்டிக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தவள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கூப்பாட்டைக் குடுத்துட்டு ஆட்டை எதை வச்சுட்டி கூப்பிடுவ?"

"பாட்டுலதானம்மா வருது. யாரு எடுத்துட்டுப் போப்போறா?"

குடோன் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை சாத்தி வைத்துப் பதிவு செய்தார்கள். அவள் உச்சிக்குப் போய்க் குரலை உடைத்த அதே நொடியில் தகரம் ஒரு முறி முறிந்தது. "இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றான் யோகராஜ். பதிவுகள் இருந்த ஹார்டு டிஸ்க்கை யோகராஜ் வீட்டில் வைத்தால் அவன் அப்பா உடைத்துப் போடுவார் என்று லிங்கராஜ் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அந்தப் பாட்டு கோவில்பட்டி ஆட்டோக்களில் கேட்டது, கடலைமிட்டாய்க் கடையில் கேட்டது. ஆபீஸ் பெண்கள் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். தன் வாழ்நாளில் தனக்கென்று ஒன்று வந்துவிட்டது என்று அவள் நம்பிய காலம் அது.

பிறகு ஊரடங்கு வந்தது. திருவிழாக்கள் நின்றன. யோகராஜ், "சென்னையில ஒரு கம்பெனியில பேசிட்டு ஒரு மாசத்துல வாரேன்" என்று போனான். ஒன்றரை வருஷம் வரவில்லை. ஒருநாள் ஆபீஸ் வண்டியில் பக்கத்தில் இருந்தவள் போனை நீட்டினாள். 'வீடு வந்து சேரு'. புது வீடியோ, புது மெருகு. மூக்குத்தி போட்ட ஒரு சென்னைப் பாடகி மடியில் ஆட்டுக்குட்டியை வைத்துக்கொண்டு பாடுகிறாள். இசை யோகராஜ், வரிகள் யோகராஜ், குரல் அந்தப் பெண். உச்சிவெயில் என்ற பெயர் இருந்தது. இசக்கிசெல்வி என்ற பெயர் எங்குமே இல்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். கம்பெனிக்காரன் வேறு குரல் கேட்டிருப்பான், அண்ணாச்சி என்ன செய்வார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஏமாறுகிறவர்கள் ஏமாற்றுகிறவனுக்காகத் தாங்களே வக்கீல் வைத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயிலில் அந்தச் சமாதானமும் போனது. அவள் ஊரணிக் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கும் பரமசிவன் புதிதாக ஒரு ஸ்பீக்கர் வாங்கி, அந்தப் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தார். பாடகி பாடி முடித்து அந்தக் கூப்பாடு வந்ததும், வேலிக்காட்டுக்குள்ளிருந்து இசக்கிசெல்வியின் இருபத்து மூன்று ஆடுகளும் புழுதி பறக்க ஓடி வந்தன. தூத்துக்குடி பஸ் பிரேக் போட்டு நின்றது. டிரைவர் திட்டினார். ஆடுகள் ரோட்டைத் தாண்டி, ஸ்பீக்கரைச் சுற்றி நின்று அதன் முகத்தைப் பார்த்தன.

"ஏ தாயி, உன் ஆட்டுக்கும் சினிமாப் பாட்டுக் கேக்குதோ?" என்று பரமசிவன் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ தடவை அவளைப் போலக் கூப்பிட்டுப் பார்த்து அடி வாங்கியிருக்கின்றன. ஓர் ஆடு காதை அசைத்ததில்லை. அவள் தொண்டைக்கு அல்லாமல் வேறு எதற்கும் அவை வராது. பாட்டைத் திரும்பப் போடச் சொல்லி ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டாள். குரல் உடைகிற இடத்தில், மெல்லிசாக, தகரம் முறிந்தது.

யோகராஜுக்குப் போன் போட்டாள். "அந்தப் பொண்ணு பாடுனதுதான் செல்வி. நீ சும்மா மனசைக் குழப்பிக்காத" என்றான். லிங்கராஜுக்குப் போட்டாள். அவன் அந்தப் புதுப்பாட்டிலும் டிரம்பெட் ஊதியிருந்தான் என்பது அவளுக்குத் தெரியும், பிழைப்பு, போகட்டும்.

"லிங்கண்ணே, அது எங்குரலுதான? உள்ளதைச் சொல்லுங்க."

"பத்திரகாளி மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது தங்கச்சி."

சாமி பேரைச் சொன்ன பிறகு மேலே என்ன கேட்பது? விட்டுவிட்டாள்.

தை மாதம் யோகராஜே காரில் கரிசலூரணிக்கு வந்து இறங்கினான். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், முழுத் தேங்காய். கோவில்பட்டியில் உச்சிவெயில் கச்சேரி வைத்திருக்கிறான், சொந்த ஊரில் முதல் தடவை, பெரிய மைதானத்தில்.

"நீ மேடைக்கு வரணும் செல்வி. ஊர் முன்னாடி உனக்குச் செய்ய வேண்டியதைச் செய்யணும்."

தட்டைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பது கோயில்களில் அவனோடு சேர்ந்து நின்று வாங்கிய தட்டு. இதை நீட்டினால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாதா? இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வெள்ளைத்தாய் மட்டும், "பாடணுமான்னு வாய்விட்டுக் கேளுட்டி" என்றாள். தட்டு வந்த பிறகு வாய் எதற்கு என்றாள் மகள்.

பத்து நாள் தயிரைத் தொடவில்லை. காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கழுவினாள். கிளிப்பச்சையில் ஒரு சேலை எடுத்தாள். மூன்று குட்டியானை வண்டிகளில் ஊரே ஏறிக்கொண்டு போய், பொழுது சாய்வதற்கு முன்பே முன்வரிசையைப் பிடித்தது. இந்த ஒரு தடவை, நம் சனம் முன்னால், நம் பாட்டை நம் பெயரில் பாடிவிட்டால் போதும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அறிவிப்பாளர் அழைத்தார். "இந்தப் பாட்டுக்குத் தூண்டுதலாக இருந்த நம்ம மண்ணின் மகள்!" கரிசலூரணி விசில் அடித்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினாள். மைக்குக்காகக் கையை நீட்டினாள். யோகராஜ் அந்தக் கையைப் பிடித்துக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி, பளபளவென்று ஒரு பொன்னாடையைத் தோளில் போர்த்தினான். போட்டோக்காரர்கள் நாலைந்து தடவை மின்னினார்கள். போர்த்திய கையோடு தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், மேடை ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தான். முடிந்தது. அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டான்.

பாட்டு ஆரம்பித்தது. சென்னைப் பாடகி நன்றாகத்தான் பாடினாள். அவள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கொடுத்ததைப் பாடுகிறாள். கூப்பாடு வருகிற இடத்தில் மைக்கை உயர்த்தி, கண்ணை மூடி, வாயைத் திறந்தாள். ஆளுயரப் பெட்டிகளிலிருந்து இசக்கிசெல்வி கூப்பிட்டாள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய இசக்கிசெல்வி. கூட்டம் சென்னைப் பாடகியைப் பார்த்துக் கை தட்டியது. முன்வரிசையில் கரிசலூரணியும் சேர்ந்துதான் தட்டியது.

லிங்கராஜ் நாற்காலிக்கு இரண்டடி தள்ளி நின்றான்.

"லிங்கண்ணே, இது யாரு?" என்றாள்.

அவன் காதில் அது விழுந்தது. அவளைப் பார்த்தான். பிறகு டிரம்பெட்டை உதட்டில் வைத்து ஊத ஆரம்பித்தான்.

எல்லாம் முடிந்து வண்டியில் ஏறுகிற நேரம் அவன் ஓடி வந்தான். கையில் ஓர் எலுமிச்சம்பழம்.

"ஹார்டு டிஸ்க்கை நான்தான்ட்டி சென்னைக்குக் கொண்டு போய்க் குடுத்தேன். அந்தப் பிள்ளைக்கு அந்த உடைப்பு வரவே இல்ல. உன்னோடதை வெட்டி ஒட்டுனாவ. நான் அங்கனதான் இருந்தேன்."

"பத்திரகாளி மேல சத்தியம் பண்ணுனீங்களே."

"பண்ணுனேன். வாயத் தொறந்தா குழுவுல இடம் இல்லன்னாரு அண்ணாச்சி. எனக்கு ஊதுததை விட்டா வேற என்ன தெரியும்?"

"எனக்கு மட்டும் வேற என்ன தெரியும்னு நெனச்சீங்க?"

யோகராஜ் செய்தது அவளுக்கு வலித்தது. ஆனாலும் அவன் முதலாளி வீட்டுப் பிள்ளை, அவன் புத்தி அவனுக்கு. இது அப்படியல்ல. ஜன்னல் சீட்டைக் கொடுத்தவன் செய்தது. எங்கே வைத்து அழுவதென்றே தெரியவில்லை. பழத்தை அவள் வாங்கவில்லை. அந்தப் பக்கம் யோகராஜ் கார்க் கண்ணாடியை இறக்கி, "சந்தோஷமா செல்வி?" என்றான். "ரொம்பச் சந்தோஷம் மொதலாளி" என்றாள். மொதலாளி என்று அவள் சொன்னது அவனுக்கு உறைத்ததா என்று தெரியாது. கார் போய்விட்டது.

சித்திரையில் ஒரு ஞாயிறு. பொழுது சாய, மற்றவர்கள் வருமுன்பே அவள் கரையில் நின்று ஆடுகளைக் கூப்பிட்டாள். அவை வேலிக்காட்டிலிருந்து தலைநீட்டி வர ஆரம்பித்த நேரம், மதுரைப் பக்கத்துக் கார் ஒன்று ரோட்டில் நின்றது. உள்ளே ஒரு தம்பதி. அந்த அம்மாள் ஆசையாக இறங்கி வந்தாள்.

"அக்கா, 'வீடு வந்து சேரு' பாட்டுல வர்ற மாதிரியே கூப்பிடுறீங்களே! அப்படியே அந்த சிங்கரேதான். கேட்டுக் கேட்டுப் பழகினீங்களா?"

 இசக்கிசெல்வி பதில் சொல்வதற்குள் அவள் புருஷன் காரின் நாலு கதவையும் திறந்துவிட்டு அந்தப் பாட்டைப் போட்டார். கூப்பாடு வந்தது.

பாதி வழியில் ஆடுகள் நின்றுவிட்டன. ஒரே சத்தம் இரண்டு திசையில். முன்னால் வந்துகொண்டிருந்த நெற்றிச்சுட்டி ஆடு கரையைப் பார்த்தது, காரைப் பார்த்தது. அவள் கையில் பிறந்து, அவள் கையால் பால் குடித்த ஆடு. இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும். அவள் கூப்பிடவில்லை. நீயாவது சொல்லு என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரில் பாட்டு மறுபடி கூப்பிட்டது, சத்தம் பெரிது. நெற்றிச்சுட்டி காருக்குப் போனது. மற்ற இருபத்திரண்டும் அதன் பின்னால் போயின.

"ஐயோ, எவ்வளவு அழகா வருது பாருங்க!" அந்த அம்மாள் போனில் படம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

இசக்கிசெல்வி கரையிலிருந்து இறங்கி நடந்து போனாள். அது என் குரல் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. நம்புவதற்கு ஆள் வேண்டுமே.

"பாட்டை நிப்பாட்டுங்கம்மா. அது என் ஆடு."

வேலிமரத்தில் ஒரு கம்பை ஒடித்து, நெற்றிச்சுட்டியின் காதைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். மற்றவற்றைப் பின்னாலிருந்து கம்பால் தட்டித் தட்டி வீட்டுக்குக் கொண்டு போனாள். வாசலில் நின்ற வெள்ளைத்தாய் மகள் கையில் இருந்த கம்பைப் பார்த்தாள். படலைத் திறந்துவிட்டாள்.

இப்போது பொழுது சாயும்போது கரிசலூரணிக் கரையில் ஏழு கூப்பாடுதான் கேட்கும். எட்டாவது வீட்டு ஆடுகளை மட்டும் கம்பு வைத்து ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.